விஸ்கான்சின் காட்டில் ஒரு நவம்பர் காலை: மான் வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்குக் குன்றுகளுக்கு நடுவே உள்ள ஓர் ஓக் காட்டில், சென்ற நவம்பரில் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் நாள் காலையில் ஒரு வெள்ளைவால் மானை வேட்டையாடினேன். செய்தி பரவியதும் அலுவலக நண்பர்களும், இங்குள்ள தமிழ்க் குடும்பத்தாரும், ஊரிலிருந்து அழைத்த உறவினர்களும் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் குட்டியை மறி என்றும் நம் மொழியில் நல்ல சொற்கள் இருப்பதால், அவற்றையே ஆள்கிறேன்.

மானைச் சுடுவது குற்றமல்லவா?

இந்தியாவில் குற்றம்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், வெளிமான் எதையும் வேட்டையாட முடியாது. அந்தச் சட்டம் நம் காடுகளுக்குத் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. விஸ்கான்சினின் நிலை வேறு. இங்கே வெள்ளைவால் மான் மாநில அரசின் பொறுப்பில் உள்ள பொதுச்சொத்து; எந்தப் பகுதியில் எத்தனை மான்களை, எந்த ஆயுதத்தால், எந்த நாட்களில் எடுக்கலாம் என்று அரசின் இயற்கைவளத் துறை ஆண்டுதோறும் வரையறுக்கிறது. வழக்கமான துப்பாக்கிப் பருவம் ஒன்பது நாட்கள். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். மாநிலத்தின் வடபகுதியில் ஓஜிப்வே பழங்குடியினருக்கு 1837, 1842ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளின் வழியாகத் தனி வேட்டை உரிமை உண்டு. நெடுங்காலம் மறுக்கப்பட்ட அந்த உரிமையை 1983இல் கூட்டாட்சி நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவ்வளவு அழகான உயிரைக் கொல்ல எப்படி மனம் வந்தது?

இந்தக் கேள்வியை என் தாயாரே கேட்டார். எனவே சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1900ஆம் ஆண்டை ஒட்டி, சந்தைக்காகக் கட்டுப்பாடின்றிச் சுட்டுத் தள்ளியதாலும் காடுகள் அழிந்ததாலும், அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களே எஞ்சியிருந்தன. வேட்டைச் சட்டங்களும் உரிமக் கட்டணங்களும், துப்பாக்கி, தோட்டாக்களின் மீதான வரியை 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும் சேர்ந்துதான் அவற்றை மீட்டன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று கோடி என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அவற்றைத் தின்று அளவில் வைத்திருந்த ஓநாய்கள் பெரும்பாலான இடங்களில் ஒழிந்துபோயின. விஸ்கான்சினின் வடபகுதிக்கு ஓநாய்கள் 1970களில் தாமாகவே திரும்பின. நான் வேட்டையாடும் தெற்குக் குன்றுகளில் அவை மிக அரிது.

மான் மிகுந்துவிட்ட காட்டுக்குள் நடந்தால் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேலே முதிய ஓக் மரங்கள் நிற்கும். கால்மட்டத்தில் ஓர் ஓக் கன்றுகூட இருக்காது, ஏனெனில் முளைத்த கன்றையெல்லாம் குளிர்காலத்தில் மான்கள் கடித்துவிடுகின்றன. நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த இடத்தில் ஓக் காடு எங்கிருந்து வரும்? விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், 1940களில் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக இருந்தபோது, பிணைமான்களையும் சேர்த்துக் குறைத்தால்தான் காடும் மானும் பிழைக்கும் என்று வாதிட்டு மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மனம் கலங்கவில்லையா என்றால், கலங்கியது. அந்தக் கலக்கத்தைக் குறையாக நான் கருதவில்லை. கடையில் கறி வாங்கும்போது நாம் காணாத ஒன்றை அன்று நேரில் கண்டேன், அவ்வளவுதான்.

விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

இங்கே பலர் இடறும் இடம் இது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உரிமத்தைப் பெறாமல், நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சித் திடலில் சும்மா தொட்டுப் பார்த்தேன் என்பதுகூடச் சிக்கலாகலாம். துப்பாக்கி வாங்கும் முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் நிலையைச் சொல்லி எழுத்தில் விடை பெறுங்கள். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

முன்பயிற்சி கட்டாயமா?

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள், சில விலக்குகள் தவிர, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தால்தான் விஸ்கான்சினில் உரிமம் வாங்கமுடியும். அதில் மனப்பாடமாக நிற்கவேண்டியவை நான்கு: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருதவேண்டும், குழல்முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையை நோக்கியிருக்க வேண்டும், குறி எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியவேண்டும், சுடும் கணம்வரை விரல் விசைக்கூண்டுக்கு வெளியே இருக்கவேண்டும். என் வகுப்பில் பாதிப்பேர் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். நாற்பதைக் கடந்த நான் அவர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுதினேன். அவர்களிடமிருந்து கற்றதும் நிறைய.

பளிச்சென்ற ஆரஞ்சு உடையைக் கண்டு மான் ஓடிவிடாதா?

ஓடாது. மானின் கண்ணுக்கு இரண்டு வகை நிற உணர்வே உண்டு. நமக்கு எரியும் ஆரஞ்சாகத் தெரிவது அதற்கு மங்கிய நிறமாகவே படும். மனிதர் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் காப்பதற்கான உடை அது. இடுப்புக்கு மேலுள்ள புற உடையில் குறைந்தது பாதியும், தொப்பி அணிந்தால் அதில் பாதியும் அந்த ஒளிர்நிறத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. 2016 முதல் ஒளிர் இளஞ்சிவப்பையும் ஏற்கிறார்கள். ஆனால் நீலத்தையும் புறஊதா ஒளியையும் மான் நம்மைவிட நன்றாகக் காணும். துணியை வெளுப்பாகக் காட்டும் சலவைத்தூளில் உடையைத் துவைத்தால் அந்தி வெளிச்சத்தில் நீங்கள் மானுக்கு மின்னுவீர்கள்.

உட்காரும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

முந்தைய ஆண்டு இதில்தான் தோற்றேன். பள்ளத்தாக்கின் அடியில், ஓடையோரம், மான்தடம் நெருக்கமாகப் பதிந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். இருட்டில் வந்த மான் ஒன்று என்னைப் பார்க்கவேயில்லை. நாற்பது அடி தொலைவில் நின்று, மூக்கைத் தூக்கி, கனைப்பதுபோலப் பலமாக மூச்சை வெளிவிட்டு, வெள்ளைவாலை உயர்த்திக்கொண்டு ஓடியது. அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கில் அன்று முழுவதும் ஒன்றும் அசையவில்லை.

நான் கணக்கில் கொள்ளாதது காற்று. மலைச்சரிவில் விடியலுக்கு முன் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும்; வெயில் பட்டதும் வெதுவெதுப்பாகி மேல்நோக்கி ஏறும். அந்த வழிதலிலேயே என் வாடை ஓடைவழியே பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்டது. இந்த முறை செப்டம்பரிலிருந்தே நான்கு வார இறுதிகள் அந்தக் காட்டை நடந்து பார்த்தேன். கலைமான் கொம்பை உரசித் தோல் உரித்த இளமரங்கள், இணைசேரும் பருவத்தில் குளம்பால் மண்ணைக் கீறிச் சிறுநீர் விட்ட திட்டுகள், புதிய புழுக்கை, வெள்ளை ஓக்கின் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் இடங்கள் ஆகியவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு. சிவப்பு ஓக்கின் கொட்டை பக்கத்தில் கிடந்தாலும் மான் இதைத்தான் முதலில் பொறுக்கும். அந்த மரங்களுக்குச் சற்று மேலே, குன்றின் தோளில், வடமேற்குக் காற்று என் முகத்தில் படும்படி பரண் கட்ட இடம் பார்த்தேன். நிலத்தின் உரிமையாளர் எழுபது வயது கடந்த பால்பண்ணை விவசாயி. அவரிடம் அனுமதி கேட்கப் போனபோது முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன். அவர் முறுக்கை மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று காலை என்னதான் நடந்தது?

நான்கரை மணிக்கு எழுந்தேன். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை. காப்பியைக் குடித்துவிட்டு, வண்டியை விவசாயியின் களஞ்சியத்தருகே நிறுத்தி, சிவப்பு விளக்கின் ஒளியில் இருபது நிமிடம் நடந்தேன். வேகமாக நடந்தால் வியர்க்கும், வியர்வை பரணில் உறைந்து நடுக்கும். ஆகவே மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். மரத்தடியில் முதலில் பாதுகாப்புக் கச்சையைக் கயிற்றோடு பிணைத்தேன். தோட்டா நிரப்பாத துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டுவிட்டு ஏறி, அமர்ந்த பின்னரே மேலே இழுத்தேன். பரணிலிருந்து விழுந்து ஊனமுற்றவர்களின் கதையை வகுப்பில் கேட்டவர்கள் இந்த ஒழுங்கை ஒருநாளும் தவறவிடமாட்டார்கள்.

அன்று சூரிய உதயம் ஏழு மணியளவில். அதற்கு அரைமணி முன்பிருந்தே சுட அனுமதி உண்டு. ஆயினும் அந்த அரையிருட்டில் மரக்கட்டையும் மானாகத் தெரிவதால் நான் துப்பாக்கியை மடியில் வைத்தபடி காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த ஓக் சருகின்மேல் அணில் ஓடும் ஓசை துடிப்பாக, விட்டுவிட்டு இருக்கும். மான் நடக்கும் ஓசை வேறு: இரண்டு மூன்று அடி, ஒரு நிறுத்தம், மீண்டும் இரண்டு அடி, நீண்ட நிறுத்தம். தொலைவில் முதல் வெடிகள் கேட்கத் தொடங்கின. ஏழேகால் மணிக்கு ஓர் இளம் கலைமான், மூக்கைத் தரையில் வைத்துப் பிணையின் வாடையைத் தொடர்ந்தபடி, புதருக்குள்ளேயே கடந்து போனது. கிளைகள் மறைத்தன, சுடவில்லை.

ஏழு நாற்பதுக்கு அந்த ஓசை மறுபடி. குன்றின் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு முதிர்ந்த பிணை தனியாக இறங்கி வந்தது. உறைபனி அதன் முதுகுமயிரில் வெண்தூளாகப் படிந்திருந்தது. மூச்சு ஆவியாய் எழுந்தது. ஓக் மரத்தடியில் நின்று முன்காலால் சருகை விலக்கிக் கொட்டை பொறுக்கியது. அது கடிக்கும் ஓசைகூட எனக்குக் கேட்டது. எழுபது கஜம் இருக்கும். என்னை நோக்கி நின்றவரை காத்திருந்தேன். நான்கு நிமிடமா, பத்து நிமிடமா தெரியாது. நெஞ்சு அடித்ததில் தொலைநோக்கியின் குறுக்குக்கம்பி ஆடியது. அது பக்கவாட்டில் திரும்பி, முன்காலை ஓரடி முன்னே வைத்தது. பின்னால் மண்சரிவு இருந்தது, ஆகவே தோட்டா ஊடுருவினாலும் மண்ணில் புதையும். மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன்.

எங்கே குறிவைக்க வேண்டும்? எப்போது சுடக்கூடாது?

பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். இரு நுரையீரல்களும் இதயத்தின் மேற்பகுதியும் அங்கே இருப்பதால் சில நொடிகளில் உயிர் பிரியும். தலைக்குக் குறிவைப்பது வீரமல்ல. தலை எப்போதும் அசையும், தாடை உடைந்த மான் பட்டினியில் நாட்கணக்கில் சாகும். ஓடும் மான், நேரெதிரே நிற்கும் மான், குன்றின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் ஆகிய மூன்றையும் புதியவர் சுடவே கூடாது. அந்த இளம் கலைமானை விட்டதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

தோட்டாவைப் பற்றியும் ஒரு சொல். ஈயத்தோட்டா உடலில் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காயத்தைச் சுற்றியுள்ள கறியில் பரவும். பிள்ளைகள் உண்ணும் கறி என்பதால் நான் செம்புத்தோட்டாவையே பயன்படுத்துகிறேன். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னவரும் கழுகுகளுக்கும் அது நல்லது.

சுட்டதும் இறங்கி ஓடிப் பார்த்தீர்களா?

இல்லை. அரைமணி நேரம் பரணிலேயே இருந்தேன். அடிபட்ட மான் தொந்தரவில்லாமல் இருந்தால் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் உயிர் இருக்கும்வரை ஓடும். அது நின்ற இடத்தையும், கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும், பக்கத்து மரங்களை அடையாளமாக வைத்து மனத்தில் பதித்துக்கொண்டேன். கீழே இறங்கினால் எல்லா மரமும் ஒன்றுபோலத் தோன்றும். நின்ற இடத்தில் கொஞ்சம் மயிரும், இளஞ்சிவப்பாக நுரைத்த குருதியும் கிடந்தன. நுரை என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் வந்தால் வயிற்றில் பட்டது என்று பொருள். அப்போது பல மணிநேரம் காத்திருந்துதான் தேடவேண்டும். ஐம்பது கஜத்தில், விழுந்துகிடந்த மரத்துக்குப் பின்னால் பிணை கிடந்தது. தொடும் முன் நீண்ட குச்சியால் கண்விழியைத் தொட்டுப் பார்த்தேன், இமைக்கவில்லை. அதன்பின் கையுறையைக் கழற்றிக் கழுத்தில் கைவைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காட்டிலேயே குடலை எடுத்துவிட வேண்டுமா?

ஆம், தாமதமின்றி. உடற்சூடு தங்கினால் கறி கெடும். மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்லிய தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்து, கத்தியின் முனை மேல்நோக்கி இருக்க, நெஞ்செலும்பின் அடிவரை கீறவேண்டும். கத்தி ஆழப் போனால் இரைப்பை கிழிந்து கறி நாறும். ஊரில் ஆடு உரிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், "பித்தப்பை உடைந்துவிடக் கூடாது" என்ற பெரியப்பாவின் எச்சரிக்கை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஈரலைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். வெள்ளைவால் மானுக்குப் பித்தப்பையே கிடையாது என்பதை உரிமையாளர் வந்து சொன்ன பிறகுதான் அறிந்தேன். மூத்திரப்பையில் மட்டும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பின்காலின் உட்புறம் உள்ள வாடைச்சுரப்பியைத் தொட்ட கத்தியால் கறியைத் தொடக்கூடாது.

மானை எடுத்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவுசெய்ய வேண்டும். நான் களஞ்சியத்தருகே நின்றபடியே கைபேசியில் பதிவுசெய்துவிட்டேன்.

தாயைக் கொன்றால் மறி என்னாகும்?

இப்பகுதி மறிகள் பெரும்பாலும் மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. நவம்பருக்குள் பால்குடி மறந்து, தாமே மேய்ந்து பிழைக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. இருந்தாலும், மறியோடு வரும் பிணையைச் சுடுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்டது.

மான்களுக்கு ஏதோ நோய் என்கிறார்களே, கறி உண்ணலாமா?

நாட்பட்ட உடல்நலிவு நோய் என்பது அது. கிருமியால் அல்லாமல், பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் மூளையைத் தாக்குவது. 1967இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்டு, விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. எங்கள் தென்மேற்குப் பகுதியில்தான் பரவல் மிகுதி. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனால் நோயுள்ள மானின் கறியை உண்ணக்கூடாது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் பிரியான் அழியாது என்பதை நம்மவர் நன்றாக நினைவில் கொள்ளவேண்டும். பார்வைக்கு நலமாக இருக்கும் மானிலும் நோய் இருக்கலாம். இயற்கைவளத் துறை வைத்திருக்கும் பெட்டிகளில் மானின் தலையை ஒப்படைத்தால் கழுத்து நிணநீர்க் கணுக்களைக் கட்டணமின்றிச் சோதிக்கிறார்கள். முடிவு வரும்வரை கறியைத் தனிப்பையில் உறையவைத்தேன். பதினோராம் நாள் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது.

கறியை விற்கலாமா?

கூடாது. காட்டுமான் கறியை விற்பது சட்டவிரோதம், கொடுக்கலாம், பகிரலாம்.

எப்படிச் சமைப்பது? ஆட்டுக்கறி போலவா?

ஆட்டுக்கறி என்று எண்ணித் தொடங்கியவர்கள் எல்லாரும் முதல் முறை கெடுத்தவர்களே, நானும் அப்படித்தான். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பும் வாயில் மெழுகாக ஒட்டும், அதை முழுவதும் நீக்கிவிட வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் நீளமாகக் கிடக்கும் முதுகுக்கறியை நீண்டநேரம் வேகவைத்தால் தோல்போல ஆகிவிடும். சிறு துண்டுகளாக அரிந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, கடைசியில் கறியைப் போட்டு, புதிதாய் இடித்த மிளகைத் தூவி நான்கு நிமிடத்தில் இறக்கிவிடுவேன். கழுத்தும் முன்னந்தொடையும் வேறு. அவற்றுக்கு மெதுவான தீயும் மூன்று மணிநேரமும் வேண்டும், மல்லியும் சோம்பும் அரைத்துவிட்ட குழம்புக்கு அவையே பொருத்தம். அந்த ஒரு பிணையிலிருந்து எலும்பு நீக்கிப் பதினெட்டுக் கிலோ கறி கிடைத்தது. சோதனை முடிவு வந்த வாரமே, பின்னந்தொடை ஒன்றை மூன்று குடும்பங்களுக்குப் பங்கிட்டேன்; ஒரு கிண்ணம் மிளகு வறுவலை நில உரிமையாளருக்குக் கொண்டுபோனேன். அவர் வாசலில் நின்றபடியே ஒரு துண்டை விரலால் எடுத்து உண்டு, இருமி, தண்ணீர் குடித்து, பிறகு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.